இரண்டாவது வீடு வாங்கும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற பகுதியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அத்தனை மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது.

கடன் வாங்கி இரண்டாவது வீடு வாங்கப் போகிறாய் என்ற விஷயம்தான் இரண்டு நாளாக மனத்தை அரிக்கிறது. "இப்போது வாங்காவிட்டால் இனி எட்டவே எட்டாது" என்று எழுதியிருக்கிறாய். குடியிருக்க வீடு இல்லாதவன் இப்படிச் சொன்னால் நானே அவனோடு வீடு தேடி அலைவேன். உனக்குச் சொந்த வீடு இருக்கிறது. முதலீட்டுக்காக வாங்குகிறவனுக்கு இந்தப் பதற்றம் எதற்கு? தரகர்தான் உன் காதில் போட்டிருக்க வேண்டும்.

உன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்தாண்டில் விலை இரட்டிப்பானதாம். கூட்டு வளர்ச்சியாகப் போட்டுப் பார், ஆண்டுக்கு 7.2 சதவீதம்தான் வருகிறது. உன் கடனுக்கு வட்டி 9 சதவீதம். அந்தப் பள்ளத்தை வாடகைதான் நிரப்ப வேண்டும். ஆனால் நீ எழுதிய மூன்று பக்கத்தில் வாடகை என்ற சொல்லே இல்லை.

வாடகை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். குடியிருந்தவர் காலி செய்தபின் என் வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் திறந்து பார்த்தால் குளியலறைக் கூரையில் தாம்பாளம் அகலத்துக்கு ஈரக்கறை. மேல்வீட்டுக் குழாய் கசிந்திருக்கிறது. விரல் பட்டதும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து தோளில் விழுந்தது. பிறகு ஆள் குடிவந்தும், இரண்டு மாத வாடகை அந்தக் கூரைக்கே போயிற்று. மாதத் தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது.

ஐந்தாண்டு கழித்து வங்கியில் கடன் விவரத் தாள் வாங்கினேன். எனக்கும் அதே 9 சதவீதம், 20 ஆண்டுக் கடன். கடனை 100 என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 54 கட்டியிருந்தேன். அசலில் கழிந்தது 11 மட்டும். மீதியெல்லாம் வட்டி. அந்தத் தாளை மடித்து வைக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

விலை இறங்கவே இறங்காது என்று உனக்கு யாரோ உறுதி கொடுத்திருக்கிறார்கள். 1990 வாக்கில் ஜப்பானிலும் இதையே நம்பினார்கள். 1991க்குப் பிறகு அங்கே நிலவிலை பத்தாண்டுக்கும் மேலாக, ஆண்டு தவறாமல் இறங்கியது. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலை 2012க்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சரிந்தது. நீ 20 சதவீதம் கையிலிருந்து போட்டு 80 சதவீதம் கடன் வாங்கப் போகிறாய். விலை 10 சதவீதம் ஏறினால் நீ போட்ட பணம் ஒன்றரை மடங்காகும். ஆசை காட்டுவது இந்தக் கணக்குதான். அதே விலை 20 சதவீதம் இறங்கினால் நீ போட்ட முதல் முழுவதும் போய்விடும், கடன் அப்படியே நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் ஹேரன்க்ராக்ட் என்ற கால்வாய்க் கரை வீடுகளின் விற்பனை விலையை 1628 முதல் 1973 வரை ஐக்ஹோல்ட்ஸ் என்ற பொருளியல் அறிஞர் தொகுத்தார். பணவீக்கத்தைக் கழித்தால், அந்த நீண்ட காலத்தில் விலை ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது. நகரின் மிகச் சிறந்த இடத்துக்கே அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக அங்கே வீடு வைத்திருந்தவர்களுக்குக் கைமேல் கிடைத்தது வாடகையும் குடியிருந்த சுகமும்தான்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பவர் சொல்லும் வாடகையை விட்டுவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேரிடம் நேரில் விசாரி. பராமரிப்புக் கட்டணத்தையும் கேள். ஆண்டுக்குப் பத்து மாத வாடகைதான் வரும் என்று வைத்துக்கொண்டு எனக்கு எழுது. நானும் என் பழைய தாள்களை எடுத்துவைக்கிறேன், சேர்ந்தே கணக்குப் பார்ப்போம். அதுவரை முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்