கோச்சி வினா அல்ல, மாடி வினாதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வந்த கையோடு எங்கள் பக்கம் வருடா வருடம் ஒரு பேச்சுக் கிளம்பும், 'தாளே கொழும்புப் பிள்ளைகளுக்குத்தான் எடுத்தது' என்று. திருக்கோவில் பக்கம் படிப்பிக்கிற நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

போன வருடம் வைத்த ஒரு மாதிரித் தாளில் கோச்சி (ரயில்) நிலையம் பற்றி ஒரு வினா. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது, அம்பாறைக் கரையோரத்துப் பிள்ளை இதை எப்படி எழுதும் என்று எனக்குச் சரியான கோபம். மட்டக்களப்பு ரவுணில் படிப்பிக்கும் என் தங்கச்சியும் அதே தாளைத்தான் வைத்திருந்தாள். அவளிடம் நாற்பது தாள் வாங்கி என்னுடைய நாற்பதோடு சேர்த்து, மொத்தப் புள்ளி ஏறக்குறைய ஒன்றாக உள்ளவர்களை ஒரு கட்டாக்கி, கட்டுக் கட்டாக ஒவ்வொரு வினாவையும் பார்த்தேன். கோச்சி வினாவில் வித்தியாசமே இல்லை! டிவியில் பார்க்காத கோச்சியா? இடறியது வேறொன்று. நான்காம் மாடியிலிருந்து நிலத்துக்கு வர எத்தனை மாடி இறங்க வேண்டும் என்ற கணக்கு. விடைத்தாளில் 4. எங்கள் பிள்ளைகள் பலர் நிலத்தோடு இருப்பதையே முதல் மாடியாக எண்ணி 3 என்று எழுதியிருந்தார்கள். கழிக்கத் தெரியாமல் இல்லை, மாடி எண்ணுகிற வழக்கம்தான் வேறு.

எண்பது தாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் வழி இதுதான். மான்டெல், ஹேன்செல் என்ற இருவர் 1959இல் நோய் ஆய்வுகளுக்காகக் கொடுத்த கணக்கை, 1988இல் ஹாலண்ட், தேயர் என்பவர்கள் அமெரிக்காவில் பரீட்சை வினாக்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகள், வேறு வேறு ஊரிலோ மொழிமூலத்திலோ இருப்பதால் மட்டும் ஒரு வினாவில் பிரிகிறார்களா என்பதே அதில் கேள்வி. சராசரி குறைந்தால் வினாவில் பக்கச்சார்பு என்று ஆகிவிடாது. கணித ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில் சராசரி குறையத்தான் செய்யும், அந்தக் குறையை வினாத்தாளின் தலையில் கட்டினால் ரீச்சர் கேட்டு மனுக் கொடுக்கவும் ஆள் வராது.

பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளில் எந்த வினாவுக்கு எத்தனை வீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று பார்க்கலாம். அது போதாது. சம புள்ளி எடுத்த சிங்கள, தமிழ் மொழிமூலப் பிள்ளைகளையும், நகர, கிராமப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து வினா வாரியாகப் போடட்டும். தமிழில் ஒரு வசனம் பிசகியிருந்தால் அந்த வினா இலக்கம் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: முழுத் தாளுமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், மொத்தப் புள்ளியை அளவுகோலாக வைக்கும் இந்தக் கணக்கு அதைக் காட்டாது. அதற்குத் தாள் எடுக்கும் மேசையிலேயே மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்தும் அம்பாறையின் பொத்துவிலிலிருந்தும் ஆசிரியர்கள் இருக்க வேண்டும்.

தங்கச்சியிடம் இந்த வருடத் தாள்களையும் கேட்டிருக்கிறேன். இரண்டு கட்டு வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்,
திருக்கோவில்.