கடைக்காரர் அடித்த காசும் சரித்திரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய நாணயம் என்றால் ராசா ராணி தலை போட்ட காசைத் தவிர வேறு எதையும் நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை. நான் சேர்ப்பது அமெரிக்கக் கடைக்காரர்களின் விளம்பர டோக்கன்கள். உள்நாட்டுப் போர்ப் பயத்தில் 1862இல் சனம் சில்லறையைப் பதுக்கிவிட, மளிகைக்காரரும் சாராயக்கடைக்காரரும் ஒரு சதக் காசின் அளவில் செம்பில் தாங்களே அடித்து, கடைப் பெயரும் தெருவும் பொறித்து மிச்சக்காசாகக் கொடுத்தார்கள். நியூயோர்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரரின் டோக்கனில் ஒரு பக்கம் தாடிக்கார முகம், மறுபக்கம் பியர் குவளை, என்ன அழகு! ஆனால் டிராம் கம்பனி ஒன்று தன்னிடம் சேர்ந்த அவரது டோக்கன்களை மாற்றித் தரக் கேட்டபோது மனுசன் கையை விரித்துவிட்டார். 1864இல் சட்டம் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள்.

சரி, நம் கொழும்பிலும் 19ஆம் நூற்றாண்டில் கோப்பி வியாபாரிகள் டோக்கன் அடித்துக் கூலியாட்களுக்குக் கொடுத்தார்களே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மினுக்கினால் சேர்ப்பவர்களிடம் மதிப்புப் போய்விடும். உருக்கவும் கொடுக்காதீர்கள். உங்கள் ஞாயிறு பதிப்பில் படங்களோடு ஒரு பக்கம் ஒதுக்கினால் பலர் எடுத்துக் காட்டுவார்கள்.

வாசகர், வெள்ளவத்தை