முன்வரிசை வீரர் ஆலன் பேஜ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, முன்வரிசையில் நின்று மோதும் வீரர்களை உடல் பருமனை மட்டுமே நம்பி ஆடுபவர்கள் என்று ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளித்தது. அந்த வரிசையில் பதினைந்து பருவங்கள் ஆடிய ஆலன் பேஜின் வாழ்க்கையை அறிந்தவர்களால் அப்படி எழுத இயலாது.

1945இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்த பேஜ், நோட்ர டாம் பல்கலைக்கழக அணியில் ஆடிய பின், 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். எதிரணியின் தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை எட்டிப் பிடித்து வீழ்த்துவது தற்காப்பு முன்வரிசையின் தலையாய வேலை; அதற்கு முதலில், வழிமறித்து நிற்கும், பெரும்பாலும் தன்னைவிடக் கனமான ஒருவரைத் தாண்டியாக வேண்டும். பந்து அசைந்த கணத்திலேயே பாய்ந்துவிடும் வேகத்தால் பேஜ் அதைச் சாதித்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும், தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் மிகச் சிறந்த வீரர் விருதை 1971இல் பெற்றபோது, அதை வென்ற முதல் தற்காப்பு ஆட்டக்காரர் அவரே. சூப்பர் பௌல் எனப்படும் இறுதிப் போட்டியில் நான்கு முறை ஆடியும் அவர் அணி ஒருமுறைகூட வெல்லவில்லை.

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1978இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, பருவத்தின் நடுவிலேயே வைக்கிங்ஸ் அவரை விலக்கியது. நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டு அவர் எடை குறைந்திருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எடையை வைத்து வீரரை அளக்கும் அந்தப் பிழையைத்தான் தங்கள் கட்டுரையும் செய்திருக்கிறது. சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 1981இல் ஓய்வுபெறும்வரை, தொடர்ச்சியாக 218 ஆட்டங்களில் அவர் களமிறங்கியிருந்தார்.

என் மனத்தில் ஆழப் பதிந்தது 1988ஆம் ஆண்டு நிகழ்ச்சி. சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும், கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. இளைஞராக இருந்தபோது அதே கட்டடத்தின் கட்டுமானப் பணியில் வேலை பார்த்தவர் அவர். தம்மை மேடையில் அறிமுகம் செய்ய ஒரு பயிற்சியாளரையோ சக வீரரையோ அழைக்காமல், மினியாபொலிஸ் நகரத்துப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை அழைத்தார். தமது உரையில் கல்வியைப் பற்றியே பேசினார். அந்த ஆண்டிலேயே தொடங்கிய அவரது கல்வி அறக்கட்டளை வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. பெறுபவர்கள் தங்களைவிட இளைய குழந்தைகளின் படிப்புக்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

1992 தேர்தலில் வென்று, மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசரானார். எழுபது வயதில் கட்டாய ஓய்வு வந்த 2015 வரை அப்பதவியில் இருந்தார்.

கட்டுரையாளர் இவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்றும், அதில் விருதுகளைவிட அந்த அறக்கட்டளைக்கு அதிக இடம் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி