கேள்வி கேட்கும் முன் சிந்திக்க நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுப் பிரச்சினைகளில் மக்களின் கருத்து ஆழமற்றது என்று படித்தவர்களே சொல்லும்போது வேதனையாக இருக்கிறது. அந்தக் கருத்து எப்படிக் கேட்டுப் பெறப்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கருத்துக்கணிப்பு அழைப்பு வந்தது. வரி தொடர்பான ஒரு சட்டத் திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். அதில் ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. ஆனாலும் மறுமுனையில் காத்திருந்தவரிடம் தெரியாது என்று சொல்லத் தயங்கி, ஆதரிக்கிறேன் என்றேன். அதுவும் மக்கள் கருத்தாகவே எண்ணப்பட்டிருக்கும். இந்தத் தயக்கம் பலருக்கும் உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1970களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள், இல்லாத ஒரு சட்டத்துக்கு '1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்' என்று பெயரிட்டுக் கருத்துக் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதுபற்றிக் கருத்துச் சொன்னார்கள்.

அதே சாதாரண மனிதர்களுக்கு நேரமும் தகவலும் கிடைத்தால் நிலைமை வேறு. அயர்லாந்தில் 2016இல் அமைக்கப்பட்ட குடிமக்கள் பேரவையில், வயது, பாலினம், வசிப்பிடம் ஆகியவை நாட்டின் மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட 99 பேர் ஒரு நீதிபதியின் தலைமையில் கூடினார்கள். கருக்கலைப்பைத் தடுத்த அரசமைப்புத் திருத்தத்தைப் பற்றி ஐந்து வார இறுதிகளில் மருத்துவர்களையும் சட்ட வல்லுநர்களையும் இரு தரப்பு அமைப்புகளையும் கேட்டார்கள். கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலையை நேரில் சந்தித்த பெண்களின் குரல் பதிவுகளையும் கேட்டார்கள். பிறகு சிறு சிறு மேசைகளில் அமர்ந்து பேசினார்கள். ஒருவரே பேசிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நெறியாளர் இருந்தார். நாவன்மை உள்ளவர்கள் மற்றவர்களைத் தம் பக்கம் இழுத்துவிடுவார்கள் என்ற நியாயமான அச்சத்துக்கு இந்த ஏற்பாடே பதில் என்று கருதுகிறேன். அத்திருத்தத்தை மாற்ற வேண்டும் என்று பேரவை பரிந்துரைத்தது. 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதத்தினர் அதை நீக்க வாக்களித்தனர். முடிவை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் இருக்கலாம். ஆனால் அந்த 99 பேரின் கருத்தை யோசிக்காமல் சொன்னது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

எல்லாக் கேள்விக்கும் பேரவை கூட்டுவது இயலாது. ஆகவே, கருத்துக்கணிப்புகளை வெளியிடும்போது, கேட்கப்பட்ட கேள்வியை அதே சொற்களில் முழுமையாக அச்சிடுங்கள்; 'தெரியாது' என்றவர்களின் விகிதத்தையும் மறைக்காமல் தாருங்கள். முக்கியமான மசோதாக்கள் விவாதத்துக்கு வரும்போது, இரு தரப்பு வாதங்களையும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் வெளியிட்டுவிட்டு, அதன் பிறகு வாசகர்களின் கருத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்