மார்கழி 15க்குள் 1,75,000 ரூபாய் வேண்டும்: வாசகசாலைக் குழுவின் வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வாசகசாலைக் கூரை ஐப்பசி மழையில் ஒழுகி, இரண்டு பீரோ புத்தகம் நனைந்துவிட்டது. ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. மார்கழி 15க்குள் பாக்கியைக் கொடுத்தால்தான் தையில் திறக்க முடியும்.

கூரையோடு ஓர் அறிவியல் அறையும் கேட்கிறோம். காரணம் இருக்கிறது. நம் தெரு அம்மா ஒருவர் மார்பில் வந்த கட்டியை, வலிக்கவில்லையே என்று ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தேமல் நோய் விழுந்த பயறு இலை கட்டியைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, அந்த இலையை அம்மியில் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்.

அந்தச் செய்தியில் கால்வாசி உண்மை. தட்டைப்பயறைத் தாக்கும் தேமல் வைரஸை அமெரிக்காவின் சான் டியாகோவில் நிக்கோல் ஸ்டெய்ன்மெட்ஸ் குழுவினர் ஆராய்கிறார்கள். மனித உடலில் அது பெருகாது. சுத்தப்படுத்திக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தினால், சோர்ந்து கிடக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. எலிகளிலும் புற்றுநோய் வந்த வளர்ப்பு நாய்களிலும் பலன் தெரிந்திருக்கிறது. மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை. இலையை அரைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது, நாள்தான் போகும். வேகமாகப் பரவும் புற்றுநோயில் அந்த நாள்தான் உயிரைக் காப்பாற்றும்.

மூட்டுவலியும் அப்படித்தான். நட்டு நட்டு முட்டி தேய்ந்த நம் அப்பாயிகளுக்கு இருப்பது ஒன்று. முடக்குவாதம் வேறு, அதில் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டைத் தாக்குகிறது, அதை அடக்கத்தான் மருந்து. இரண்டுக்கும் ஒரே வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சையில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம் வைத்து மருந்துகளைச் சோதித்தவர் சரபோஜி மன்னர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்னும் இருக்கின்றன. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது 1922ல். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த துக்கத்தில் எடுத்த முயற்சிதான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆனது. நம் தாத்தாமார்களும் நெல் விற்ற காசில்தான் இந்த வாசகசாலையைக் கட்டினார்கள்.

கூரைக்கு 2,10,000. பெஞ்சு, அலமாரி 85,000. மைக்ராஸ்கோப், டிவி 1,05,000. மின்சார வேலை 40,000. புற்றுநோய், மூட்டுநோய், உளுந்தின் மஞ்சள் தேமல் பற்றி டாக்டரும் வேளாண் அதிகாரியும் சரிபார்த்த தமிழ்ப் புத்தகம் 1,000 பிரதி, 40,000. மொத்தம் 4,80,000. வந்தது 3,05,000. மைக்ராஸ்கோப்பில் மஞ்சள் தேமல் வைரஸ் தெரியாது. அதைப் பரப்பும் வெள்ளை ஈ, இலைக்கடியில் ஒட்டியிருக்கும் அதன் குஞ்சு எல்லாம் தெரியும். சம்பா அறுப்புக்கு முன் உளுந்து தெளிப்பதற்குள் புத்தகம் கைக்கு வர வேண்டும்.

கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். சிங்கப்பூர்த் தம்பிகள் சீட்டுப் பணத்தை அப்படியே அனுப்பினார்கள். டீக்கடைக்காரர் மாதம் 500 தருகிறார். கொத்தனார் நான்கு நாள் கூலி வாங்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், முந்தானையில் முடிந்திருந்த 200 ரூபாயை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு ரசீதுகூட வேண்டாம் என்றார். பிள்ளையார் அவர்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

ஆனால் 400 வீட்டில் 160 வீடு இன்னும் ஒரு ரூபாய் தரவில்லை. அதில் நெல் மூட்டை அடுக்க இடமில்லாத வீடுகளும் உண்டு. திருவிழா வாணத்துக்கு ஒரே இரவில் 90,000 கொடுத்த ஊர் இது. அந்த அம்மாவின் 200 ரூபாயை நினைத்துப் பாருங்கள்.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் குழு உட்கார்ந்திருக்கும். பணமாகவோ நெல்லாகவோ கொடுக்கலாம். ரசீது உண்டு. கணக்கை வாசலில் ஒட்டியிருக்கிறோம்.

வாசகசாலைக் குழு