போனில் சொன்னதைக் கோப்பிலும் எழுதுங்கள்: கோட்டையில் இருக்கும் ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர் அலுவலகத்திலும் அமைச்சர்கள் அலுவலகங்களிலும் அரசியல் ஆலோசகர்களாக வேலை பார்ப்பவர்களுக்கு வணக்கம்.

நான் தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள், ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். காலையில் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, நாமக்கல் கவிஞர் மாளிகையில் கோப்புகளோடு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தலை நிமிர நேரம் இருக்காது. உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. எந்தக் கட்சி ஆட்சியில் வந்தீர்கள் என்பதும் இந்த மடலுக்கு வேண்டாம், நான் சொல்லப்போவது எல்லா ஆட்சியிலும் நடந்ததுதான்.

ஆலோசகர்களே கூடாது என்று சொல்பவள் இல்லை நான். தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுப்புநிலம் வனத்துறையிடம். அதற்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளும், அதிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் ஒக்கியம் மடுவும் நீர்வளத் துறையிடம். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு, சுற்றிலும் கட்டடம் கட்ட அனுமதி தருவதில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) பங்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பக்கத்து வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அது எந்தத் துறைத் தண்ணீர் என்று யார் பார்த்தார்கள்? ஆனால் கோப்பு அப்படித்தான் பிரிந்து போகும். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் சரியாகத்தான் எழுதியிருக்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

தலைமைச் செயலாளர் கூட்டம் கூட்டலாம், கூட்டுகிறார். ஆனாலும் எந்த வாக்குறுதியை முதலில் எடுப்பது, எந்த அமைச்சர் கேட்டதைத் தள்ளிவைப்பது, தொகுதியில் எதிர்ப்பு வந்தால் எவ்வளவு தாங்கலாம் என்பதெல்லாம் அதிகாரி முடிவு செய்யக்கூடியவை இல்லை, செய்யவும் கூடாது. முதல்வரின் மனசு தெரிந்த, கட்சியிலும் பேசக்கூடிய ஒருவர் நடுவில் இருந்தால் இரண்டு அமைச்சர்களுக்கு நடுவே மாதக்கணக்கில் கிடக்கும் விஷயம் ஒரே மாலையில் முடிந்துவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளைக் கட்சி வேலைக்கு இழுக்காமல் இருக்கவும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார்.

என் மனக்குறை நீங்கள் வேலை செய்யும் விதத்தைப் பற்றியது.

ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். எங்கள் உயர் அதிகாரியின் அறைக்கு ஒரு போன். பேசியவர் ஆலோசகர், அரசுப் பதவி எதிலும் இல்லாதவர். ஒரு திட்டத்துக்கு இன்னொரு துறையின் இசைவு வாங்க வேண்டியிருந்தது, கோப்பு அங்கே போகத் தயாராக என் மேஜையில் இருந்தது. “அந்தத் துறையில் நான் பேசிட்டேன், அவங்களுக்கு ஆட்சேபணை இல்லை, நாளைக்குள்ள ஆர்டர் வரணும்” என்றார். வேறு வழியில்லாமல் நானும் என் உதவிப் பிரிவு அலுவலரும் உட்கார்ந்து வரைவு எழுதினோம். இசைவு எண், தேதி எழுத வேண்டிய இடத்தில் ‘கலந்து பேசியபடி’ என்று எழுதினோம். யார், யாரோடு, எப்போது கலந்து பேசினார் என்பது அந்தத் தாளில் இல்லை. மறுநாள் அரசாணை வெளியானது.

இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கையில் கேள்வி வந்தது: இசைவு எங்கே? அந்த இன்னொரு துறை, எங்களை யாரும் கேட்கவில்லை என்று எழுத்தில் பதில் கொடுத்தது. போன் செய்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை யாருக்கு வந்தது? எனக்கும் என் உதவிப் பிரிவு அலுவலரான அந்தப் பையனுக்கும். எனக்கு ஓய்வுபெற நாள் நெருங்கிவிட்டது, சமாளித்தேன். அவனுக்கு அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரவில்லை. அவன் அம்மா என்னிடம் போனில் அழுததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இதெல்லாம் சட்டத்தில் இல்லாத விஷயமா? ஐ.ஏ.எஸ். போன்ற அதிகாரிகளுக்கான அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் 1968லிருந்து இருக்கின்றன. மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாயால் சொன்னால் பிறகு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. 2013இல் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாய்மொழி உத்தரவின் பேரில் அரசு ஊழியர்கள் செயல்படக் கூடாது, வந்த உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. பதிவு செய்யாவிட்டால் தகவல் அறியும் உரிமையே வீணாகிவிடும் என்றும் சொன்னது. பதிவு இல்லாத போனை எந்த மனுப் போட்டு வாங்க முடியும்?

பிரிட்டனில் உங்களைப் போன்றவர்களுக்கு 2010ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நடத்தை விதிகள் உண்டு, எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று வருஷாவருஷம் அறிக்கை வர வேண்டும், அரசுப் பணத்தைச் செலவழிக்க உத்தரவு போட அவர்களால் முடியாது. 1997இல் பிரதமர் டோனி பிளேர் தன் ஆலோசகர்கள் சிலருக்கு அதிகாரிகளுக்கே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார், எதிர்ப்பு கடுமையாக இருந்தது, 2007இல் கார்டன் பிரவுன் பிரதமராக வந்ததும் அதை எடுத்துவிட்டார். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. யார் யார் ஆலோசகர் என்றாவது மக்களுக்குத் தெரிகிறது.

இங்கே அதுகூட இல்லை. உங்கள் பெயர், எந்த அலுவலகம், என்ன பொறுப்பு, சம்பளம் எங்கிருந்து என்பதைத் தலைமைச் செயலகத்தின் இணையதளத்தில் போடச் சொல்லி நீங்களே கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அதிகாரிகள் ஊழியர்களின் விவரத்தையும் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. பிரிவு அலுவலர் சம்பளத்தை ஊரே பார்க்கலாம் என்றால் உங்களுடையதையும் பார்க்கட்டும்.

அப்புறம், இரண்டு துறையைச் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் இரண்டு செயலாளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுங்கள். இவரிடம் அவர் ஒப்புக்கொண்டார் என்றும், அவரிடம் இவர் ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லி முடிப்பது வேகமான வழிதான், ஆனால் அடுத்த மழையில் குட்டு உடைந்துவிடும். பேசி முடித்ததும் ஒரு பக்கம் போதும்: இன்ன தேதி, இன்னார் இருந்தார்கள், இன்னது முடிவானது, அமைச்சர் ஒப்புதல் கொடுத்தார். அமைச்சர் கையெழுத்தோடு அது கோப்பில் சேர்ந்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் தைரியமாக வேலை செய்வார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் செய்வார்கள், அந்த மாளிகையில் அப்படி உழைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

அடுத்த முறை நீங்கள் போன் செய்யும்போது ஏதாவது ஒரு பிரிவில் இருக்கும் சின்ன வயசு அலுவலர், “சார், இதை யார் சொன்னதா கோப்பில் எழுதட்டும்?” என்று கேட்டால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். அவர் மேல் யாரிடமும் புகாரும் சொல்லாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளட்டும்.