அந்த மின்னலைக் கீறியது நான்தான், அண்ணா

அண்ணா,

உன் பழைய முகவரிக்குப் போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் வாசிப்பார்கள், தெரியும். உன் பெயரோ நீ யாரோடு இருக்கிறாய் என்பதோ இதில் வராது. அதைச் சொல்ல வேண்டியது நீதான்.

அப்பாவின் ஆட்டைத் திவசம் இந்த வாரம் முடிந்தது. பாடகர் டேவிட் போவி இறந்து பத்து வருடம் ஆனதும் இதே வாரம். 2016 ஜனவரியில் லண்டன் பிரிக்ஸ்டன் ஸ்டேஷனுக்கு எதிரே, சுவரில் இருக்கும் அவருடைய முகத்துக்கு முன்னால் சனம் பூவைக் குவித்தபோது நானும் போனேன். நீ வருவாய் என்று நினைத்துத்தான் போனேன். மூன்று மணி நேரம் குளிரில் நின்றேன். அந்த முகத்திலும் அதே மின்னல்.

1988 இலையுதிர் காலம், சனிக்கிழமை இரவு. அப்பாவுக்குப் பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை. முகத்தில் மின்னல் கீறிய போவியின் படம் உள்ள 'அலாடின் சேன்' இசைத்தட்டின் உறையைக் கண்ணாடியில் சாத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். சிவப்புக்குச் சாமித்தட்டில் இருந்த குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தோம். நீலத்துக்கு என் பள்ளிக்கூடப் பேனா. "கை நடுங்காமல் கீறு" என்றாய். நெற்றியில் தொடங்கி, கண்ணுக்கு மேலால் இறங்கி, கன்னத்தில் முடித்தேன். இமையில் குங்குமப் பொடி ஒட்டிக்கொண்டது. ஊதிவிட்டேன். நீ கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். ஊரை விட்டு வந்த பிறகு உன் தோள் அப்படித் தளர்ந்து நான் கண்டதில்லை.

"எனக்கும் கீறிவிடு" என்றேன். "நீ பொம்பிளைப் பிள்ளை, உனக்கு எதுக்கு?" என்றாய்.

இத்தனை வருடத்தில் அதை ஒருமுறையாவது யோசித்தாயா? கிளாம் ராக், போவி பாடிய அந்த மினுமினுப்பு ராக் இசை, ஆண்களுக்கு எங்கள் கண்மையையும் மினுக்கத்தையும் கொடுத்தது. 1971இல் பாடகர் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுக்கம் பூசிக்கொண்டு டிவியில் வந்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடையில் பெண்கள் எத்தனை பேர்? தோல் உடையும் பேஸ் கிட்டாருமாக 1973இல் முதலிடத்துக்கு வந்த சூசி குவாட்ரோவை நான் தனியாகத்தான் கண்டுபிடித்தேன். நீ அவருடைய பெயரைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

சரி. அந்த இசைத்தட்டு உனக்கு என்னவாக இருந்தது என்று பிறகுதான் விளங்கியது. நீ பிறந்த 1972இல், ஜூலை 6ஆம் தேதி, டிவியில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் போவி பாடிக்கொண்டே தன் கிட்டார்காரர் மிக் ரான்சனின் தோளில் கையைப் போட்டார். ஓரினச் சேர்க்கையாளர்கள் உரிமை கேட்டுப் போன லண்டனின் முதல் பிரைட் ஊர்வலம் நடந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. 1967இல் ஓரினச் சேர்க்கைக்கு எதிரான சட்டம் தளர்ந்தது, ஆனால் இருபத்தொரு வயது கடந்த ஆண்களுக்கு மட்டும், அதுவும் பூட்டிய கதவுக்குப் பின்னால். அந்தக் கையோ எல்லார் வீட்டு ஹாலுக்கும் வந்தது. எங்கள் முறை வந்தபோது, 1988 மே மாதத்தில், உள்ளூராட்சிகள் ஓரினச் சேர்க்கையை ஊக்குவிக்கக் கூடாது என்ற சட்டமான செக்‌ஷன் 28 வந்துவிட்டது. வாயைத் திறக்கவே ஆசிரியர்கள் பயந்தார்கள். பதினாறு வயதில் நீ யாரிடம் கேட்டிருப்பாய்? பதினைந்து வருடப் பழைய ஒரு தட்டுத்தான் உன்னோடு கதைத்தது.

அப்பா அன்று முன்னதாகவே வந்துவிட்டார். அவர் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். "யார் கீறினது?" என்று என்னைக் கேட்டார். "அவனேதான். எனக்குத் தெரியாது" என்றேன். சிவந்த விரல்கள் என் சட்டைப் பைக்குள் இருந்தன. நீ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. சாமிக் குங்குமத்தைத் தொட்டதற்குத்தான் அப்பாவுக்குக் கோபம் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். இலங்கையில் 83 கலவரத்தில் வீடு, காணி எல்லாம் போன மனிதருக்கு நாலு பேர் மதிப்பதுதான் மிச்சம் என்றும் சொல்லிப் பார்த்தேன். பொய்யை மூடப் போதாது. மன்னித்துக்கொள், அண்ணா.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 1972இல் தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று பத்திரிகையில் சொன்ன போவி, 83இல் அந்தப் பேட்டியே தான் செய்த பெரிய தவறு என்றார். அப்படியே வெளிப்படையாகச் சொல்லி, சொன்னதை மாற்றாத அமெரிக்க கிளாம் பாடகர் ஜோப்ரயத் அதே 83இல் எய்ட்ஸில் செத்துப்போனார், அவரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? போவி பின்வாங்கியதை நீ மன்னித்தாய். வீட்டை விட்டுப் போனபோது பையில் அவருடைய தட்டைத்தான் வைத்தாய். எனக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட வைக்கவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "மகன் எங்கே?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

அந்தச் சட்டைப் பையில் கறை போகவே இல்லை. மறுநாள் அதைத் தோய்த்தது அம்மா. என் விரலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அப்பா போனபிறகு குங்குமச் சிமிழை என்னிடம் தந்துவிட்டார். தரும்போது உன்னைப் பற்றித்தான் கேட்டார்.

ஞாயிறு பின்னேரம் அம்மா வீட்டில் தனியாகத்தான் இருப்பார். டூட்டிங்கில் அதே வீடுதான். கீழே மணி வேலை செய்யாது, கதவைப் பலமாகத் தட்டு.

தங்கச்சி